பிரிக்கப்படாத பாகம்

பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது:
நிலத்தில் பதினாறில் ஒரு பங்கு,
பிரிக்கப்படாத பாகம்.
எந்த மூலை என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.
மொட்டை மாடி யாருடையது என்பதை மட்டும்
எழுதியவர் மறந்துவிட்டார்.
அல்லது மறப்பதற்குத் தனியாகக் காசு வாங்கியிருக்கிறார்.

ஹொரமாவில் ஜனவரி.
காலை ஆறுக்குப் பதினாறு கெய்சரும் ஒன்றாய் விழிக்க
மீட்டர் பலகையில் ரப்பர் கருகும் வாசனை.
இரண்டு முறை ஃபியூஸ் போனது.
மூன்றாம் முறை நாகரத்னா கூட்டம் போட்டார்,
கார்களுக்கு நடுவே, வாடகை நாற்காலிகளில்.

நான்கு சோலார் தொட்டி. மேகமூட்டத்துக்கு ஒரு ஹீட் பம்ப்.
"அது காற்றிலிருந்து சூட்டை எடுக்கும்" என்றான் கம்பெனிப் பையன்.
"எந்தக் காற்றிலிருந்து?" என்று
மஃப்ளருக்குள்ளிருந்து கேட்டார் ஷெரினின் கணவர்.
சிரித்தோம். அவனும்தான்.
வீட்டுக்குப் போய் ஃப்ரிட்ஜின் முதுகைத் தொட்டுப் பாருங்கள் என்றான்.
அன்றிரவு யாருக்கும் தெரியாமல் தொட்டுப் பார்த்தேன்.

304 ஹெக்டே எழுந்தார்.
ஏப்ரலில் என் படுக்கையறை வேகும்போது
அந்த வெயிலில் பங்கு கேட்டு
எவனாவது வந்தானா, என்றார்.
பொருளாளர் நான்.
ரசீதுக் கட்டில் அதற்குப் பதில் இல்லை.

வேண்டியது பன்னிரண்டு கை.
எழுந்தது பதினொன்று.
204-இல் வாடகைக்கு இருக்கும் பெண் பாதி தூக்கிவிட்டு,
நினைவு வந்தவளாய்
காதோர முடியை ஒதுக்கிக்கொண்டாள்.
குளிப்பவளுக்கு ஓட்டில்லை.

மஸ்கட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டோம்.
ஸ்பீக்கரில் ஏசி இரைந்தது.
"இங்கே பச்சைத் தண்ணீரே கொதிக்குது" என்றார்.
பிறகு, "அந்த வீட்டில் நான்
ஒருநாள்கூடக் குளித்ததில்லை, தெரியுமா?"
கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.
"சரி. என் கையையும் தூக்கிடுங்க."
நாகரத்னா அவருக்காக இடது கையைத் தூக்கினார்.
வலது கையில் போன் இருந்தது.

தொட்டிகளின் நிழல் ஹெக்டேயின் படுக்கையறைக்கு மேலே
விழும்படி நிறுத்தச் சொன்னோம்.
அவர் நன்றி சொல்லவில்லை.
மே மாதம் மின்விசிறியை ஒரு எண் குறைத்ததாக
அவர் மனைவி லிஃப்டில் சொன்னார்.

நான் ஜி-4, தரைத்தளம்.
சூரியன் என்னிடம் கடைசியில்தான் வருகிறான்.
இரவெல்லாம் குழாயில் நின்று ஆறிப்போனது
முதலில் இறங்கவேண்டும்:
ஒன்றரை வாளி.
304-க்கும் எனக்கும் நடுவே நிற்கும் அந்தத் தண்ணீரை
யார் பெயரில் எழுதுவது?
அதில் அரிசி களைகிறேன்,
ஸ்கூட்டர் துடைக்கிறேன்.
ஐந்து மணிக்கு நான் இழுக்க இழுக்க
சூடு மாடி மாடியாக இறங்கிவந்து
அவரவர் சுவருக்குள் காத்திருக்கும்,
அவர்கள் கண் விழிக்கும்வரை.
இது எந்தக் கூட்டத்திலும் பேசப்படவில்லை.
பிளம்பர் யூசுஃப் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

ஆகஸ்டில் காய்ச்சல்.
கட்டடத்துக்கே பொதுவாய் மழை,
எனக்கு மட்டும் தனியாக நூற்றிரண்டு.
மூன்றாம் நாள் காலை கதவு தட்டும் சத்தம்.
204. தலையில் துண்டு,
தெலுங்கு கலந்த தமிழ்:
"ஆன்ட்டி, ரெண்டு நாளா தண்ணி சீக்கிரம் சுடல.
ஊர்ல இல்லையோன்னு பாத்தேன்."

என் முகத்தைப் பார்த்தாள்.
வேறொன்றும் கேட்காமல் என்னைத் தாண்டி உள்ளே போய்
குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டாள்.
வாளி நிரம்பியது. அடுத்த வாளியைத் தள்ளினாள்.
கையை நீட்டியபடி நின்றாள்.
"இன்னும் இல்லை" என்றாள்.
"இன்னும் இல்லை."